மழைக்காலத்தில் மக்கர் பண்ணும் பழைய 407: பம்ப்பைக் கழற்றும் முன்

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்துவிட்டால் போதும், காரைக்குடி, தேவகோட்டை பக்கம் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் ஒரே புலம்பல்தான். ராத்திரி வரைக்கும் ஒழுங்காக ஓடிய வண்டி காலையில் செல்ஃப் அடித்தால் முனகுகிறது, இல்லையென்றால் நன்றாகச் சுற்றுகிறது ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது, எப்படியோ பிடித்தாலும் ஸ்லோ ஸ்பீடில் நிற்காமல் கேபினே ஆடுகிறது. உடனே பக்கத்தில் நிற்கிற ஆள், "அண்ணே, டீசல் பம்ப் போயிருச்சு, கழட்டிக் கொடுத்துருங்க" என்பார். கொடுத்தால் செலவு ஆயிரக்கணக்கில் போகும், வண்டியும் ரெண்டு மூணு நாள் நிற்கும், அதற்கப்புறமும் அடுத்த மழைக்கு அதே கதை. நேற்றுவரை ஓடிய பம்ப் ஒரே ராத்திரி மழையில் கெட்டுப்போகக் காரணமே இல்லை. மழை முதலில் கை வைப்பது எர்த்தில், வயர் முனைகளில், டேங்கில் கிடக்கும் டீசலில். அதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு பம்ப்புக்கு வரலாம்.

இங்கே பழைய 407 என்று நான் சொல்வது 1986-ல் வரத் தொடங்கிய அந்த டாடா சின்ன லாரி ரகம்: 497 எஞ்சின், நாலு சிலிண்டர், 2956 சிசி, பக்கவாட்டில் நாலு சிலிண்டருக்கும் டீசலை அழுத்தி அனுப்பும் இன்லைன் பம்ப், கம்ப்யூட்டர் என்று ஒரு பொட்டுகூடக் கிடையாது. ஆத்தங்குடியில் கல் ஏற்றுகிறவர்களும் புதுவயல் மில்களுக்கு நெல் லோடு அடிக்கிறவர்களும் இன்னும் விடாமல் வைத்திருக்கும் வண்டி. அதே மாதிரி இன்லைன் பம்ப் உள்ள பழைய லேலண்ட், பழைய டீசல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். பெட்ரோல் வண்டிக்காரர்களுக்குத் தனியாகக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் வீடியோக்களில் காட்டும் டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் வயர் எல்லாம் டீசல் எஞ்சினில் கிடையவே கிடையாது, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முதலில் கேளுங்கள், அப்புறம் பாருங்கள்

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு ஆளைக் கேபினில் உட்காரவைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் முனை தெரிகிற இடத்தில் நில்லுங்கள். பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்கக் கூடாது, அடித்துவிட்டு ஒரு நிமிஷமாவது ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற கோளாறோடு செல்ஃப் மோட்டாரும் சேர்ந்து கருகும்.

எஞ்சின் சோம்பலாகச் சுற்றினால், அல்லது டக் என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால், அது கரன்ட் சம்பந்தப்பட்டது. டீசல் பக்கம் போகவே வேண்டாம். வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் சைலன்சரில் ஒரு பொட்டுப் புகைகூட இல்லை என்றால் எஞ்சினுக்கு டீசலே போகவில்லை. வெள்ளைப் புகை திரள் திரளாக வருகிறது, பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. பிடித்து ஐந்தாறு விநாடி ஓடி அப்படியே அடங்கினால் காற்று எடுக்கிறது என்று பாதி முடிவுக்கு வந்துவிடலாம். இந்த நாலையும் பிரித்துப் பார்த்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

"குளிருக்கு அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். செட்டிநாட்டில் மார்கழி ராத்திரியில்கூட இருபது டிகிரிக்கு ரொம்பக் கீழே இறங்குவது அபூர்வம். அந்தக் குளிருக்கு நல்ல கம்ப்ரெஷன் (சிலிண்டரில் காற்றை அமுக்கும் பலம்) உள்ள 497 எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தாக வேண்டும். பிடிக்கவில்லை என்றால் வேறு காரணம் இருக்கிறது.

கரன்ட் பக்கம்

பேட்டரியைக் குறை சொல்லும் முன் எர்த்தைப் பாருங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதனால் செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரன்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போக ஒரே வழி எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே போட்டிருக்கும் அந்தப் பின்னல் பட்டையும், சேஸிஸிலிருந்து பேட்டரிக்குப் போகும் நெகட்டிவ் கேபிளும்தான். நம் பக்கத்துச் செம்மண் சேறு அங்கே அப்பிக்கொண்டு நாள் கணக்கில் ஈரம் காயாமல் இருக்கும். தொண்டிப் பக்கம் போய் மீன் லோடு அடிக்கிற வண்டி என்றால் உப்புத் தண்ணீர் வேறு. கேபிள் முனையில் இருக்கும் செம்பு லக்கும் இரும்புச் சேஸிஸும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தால் நடுவில் இரும்பு அரிக்கத் தொடங்கும், வெளியே போல்ட் இறுக்கமாகத்தான் தெரியும், உள்ளே தொடுகிற பரப்பு முழுக்கத் துரு. துருவையும் பேட்டரியையும் ஆராய்கிற மத்திய அரசு ஆய்வகமான சிக்ரி 1953-லிருந்து காரைக்குடியிலேயே இருக்கிறது, அதன் வாசல் வழியாகத்தான் இந்த வண்டிகள் எல்லாம் எர்த் அரித்துப்போய் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதைச் சோதிக்க ரொம்ப எளிமையான வழி ஒன்று. ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு இடத்தில் கவ்வவிடுங்கள். இப்போது செல்ஃப் அடித்தால் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறதா? பேட்டரியும் நல்லது, செல்ஃபும் நல்லது, கோளாறு எர்த்தில்தான். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம்: ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் தூணிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கேயோ அடைப்பு. எர்த் மோசமாக இருக்கும்போது கரன்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகவும் எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் வழியாகவும் திரும்பப் பார்க்கும், அந்தக் கேபிள் செல்ஃப் அடித்தபின் தொட்டால் சுடும். அப்படிச் சுட்டால் வேறு சாட்சியே தேவையில்லை.

சரி செய்வது லேசான வேலை. நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றிவிடுங்கள். பட்டையை இரண்டு பக்கமும் கழற்றி, சேஸிஸில் அது உட்காரும் இடத்தைத் துருவும் பெயின்ட்டும் போய் இரும்பு பளபளவென்று தெரியும்வரை எமரி போட்டுத் தேய்த்து, லக்கையும் அப்படியே தேய்த்து, இறுக்கிவிட்டு மேலே கிரீஸ் பூசுங்கள். பட்டையில் பாதிக் கம்பி பச்சை பூத்து உதிர்ந்திருந்தால் தேய்த்துப் பிரயோஜனம் இல்லை, புதுசு போடுங்கள். பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடிக்கு வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும், செல்லுக்குள் மட்டும் அந்தத் தண்ணீர் இறங்கக் கூடாது. பிறகு கழுவி, துடைத்து, இறுக்கி, அதன் மேல் வாசலின்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சோம்பல் போகவில்லை என்றால் பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது, செல்ஃப் அடிக்கும்போது ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் உடனே புது பேட்டரிக்குப் போகாதீர்கள். மழைநாளில் வைப்பர், ஹெட்லைட் இரண்டும் மணிக்கணக்கில் ஓடுகின்றன, ஃபேன் பெல்ட் தொய்வாக இருந்தால் நனைந்ததும் வழுக்கும், கீச் கீச் என்று சத்தம் கேட்கும், ஆல்டர்னேட்டர் சரியாகச் சுற்றாது. பேட்டரி சாப்பிடுவதைவிடச் செலவழிப்பது அதிகமாகி, மறுநாள் காலையில் முனகுகிறது. எஞ்சின் ஓடும்போது லைட்டைப் போட்டுவிட்டு அளந்தால் பேட்டரியில் 13.8-லிருந்து 14.4 வோல்ட் வரைக்கும் இருக்க வேண்டும்.

லைட் எல்லாம் பளிச்சென்று எரிகிறது, சாவியைத் திருப்பினால் டக் சத்தம்கூட இல்லை என்றால் செல்ஃபின் மேல் சுவிட்ச் மாதிரி இருக்கும் சோலனாய்டுக்குப் போகும் மெல்லிய வயரைப் பாருங்கள். அதன் முனை பச்சை பிடித்திருக்கும், அல்லது முன்கண்ணாடி ரப்பர் வழியாக ஒழுகிய மழைத்தண்ணீர் டேஷ்போர்டுக்குள் ஃபியூஸ் பெட்டியிலும் சாவி சுவிட்சிலும் இறங்கியிருக்கும். ரப்பரை மாற்றாமல் ஃபியூஸை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் கார்த்திகை முடியும்வரை அதே வேலைதான்.

டீசல் பக்கம்

நன்றாகச் சுற்றுகிறது, புகையே இல்லை. இதற்கு முதலில் பார்க்க வேண்டியது ஸ்டாப் கேபிள். டேஷ்போர்டில் பிடித்து இழுத்து எஞ்சினை நிறுத்துவோமே, அதுதான். மழை ஈரத்தில் கேபிளுக்குள் துரு ஏறி, பிடியை உள்ளே தள்ளினாலும் பம்ப் பக்கம் லீவர் முழுசாகத் திரும்பி வராமல் பாதியில் நிற்கும். எஞ்சின் நிறுத்தின நிலையிலேயே இருக்கும். பானட்டைத் திறந்து லீவரைக் கையால் தள்ளிவிட்டு செல்ஃப் அடியுங்கள். பிடித்துக்கொண்டால் கேபிளில் எண்ணெய் விட்டுப் பாருங்கள், சரிவராவிட்டால் மாற்றுங்கள். இதற்காகப் பம்ப் கடைவரை போய் வந்த வண்டிகள் உண்டு.

அடுத்தது தண்ணீர். பாதி காலியாக ராத்திரி நிற்கும் டேங்கில் ஈரக் காற்றுக் குளிர்ந்து சுவரில் வேர்த்து இறங்கும். டேங்க் மூடியின் வாஷர் செத்துப்போயிருந்தால் மழையே நேராக இறங்கும். கேனில் டீசல் வாங்கி மழையில் திறந்து ஊற்றுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் டீசலைவிடக் கனம், அதனால் அடியில் தங்கும். டேங்கின் உறிஞ்சு குழாயும் அடியில்தான் இருக்கிறது. ராத்திரி அசையாமல் நின்ற வண்டியில் எல்லாத் தண்ணீரும் அடியில் இறங்கிக் கூடியிருக்கும், காலையில் முதல் இழுப்பே அதுதான்.

பார்ப்பதற்கு ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். செல்ஃப் அடிக்கும் முன், வண்டியை அசைக்காமல், டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்திப் பாட்டிலில் கால்வாசி பிடியுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் ஆடாமல் வைத்தால், மேலே வெளிர் மஞ்சளாக டீசலும் அடியில் தனியாக ஒரு அடுக்குத் தண்ணீரும் தெரியும், இரண்டுக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி இருக்கும். துரு கலந்திருந்தால் அந்த அடி அடுக்கு டீத்தண்ணி நிறத்தில் இருக்கும். கறுப்பாகக் கொழகொழவென்று ஏதாவது வந்தால் டேங்கில் தண்ணீர் நாள்பட்டுக் கிடக்கிறது, பாசி மாதிரி வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். டேங்கை இறக்கிக் கழுவித்தான் ஆக வேண்டும், ஃபில்டரை மட்டும் மாற்றினால் அடுத்த வாரம் மறுபடி அடைக்கும். வெறும் தண்ணீர் மட்டும் என்றால் ஃபில்டரையும் டேங்க் அடித் திருகையும் திறந்து சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிடுங்கள். வடித்ததை ஊருணிப் பக்கமோ கண்மாய்க் கரையிலோ ஊற்றிவிட்டு வராதீர்கள். இதைத் தள்ளிப்போட்டால்தான் உண்மையிலேயே பம்ப்புக்கும், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலுக்கும் கேடு வரும், அவற்றுக்கு டீசல்தான் எண்ணெயும். தண்ணீர் போனால் உள்ளே துருவேறிப் பிடித்துக்கொள்ளும். மழை மாசம் முழுக்க ராத்திரி நிறுத்தும்போது டேங்கை நிரப்பி நிறுத்துவது நல்லது, கையில் காசு இருந்தால்.

மூன்றாவது காற்று. இதுதான் நிறையப் பேரை ஏமாற்றுவது, ஏனென்றால் டேங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள லைன் உறிஞ்சும் லைன். அதில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுக வேண்டும் என்பதில்லை, காற்று உள்ளே போகும். வெளியே பார்த்தால் காய்ந்து சுத்தமாக இருக்கும். ராத்திரி வண்டி நிற்கும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று ஏறி லைனில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடும், காலையில் பிடித்து ஐந்து விநாடி ஓடி அடங்கும். வெயில் காலத்து ஆறு மாதச் சூட்டில் வெந்து விறைத்த ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் மயிரிழை வெடிப்பு, லைனை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் வாஷர், ஃபில்டர் மாற்றியபோது சரியாக உட்காராத ரப்பர் வளையம்: சந்தேகிக்க வேண்டிய இடங்கள் இவை.

கண்டுபிடிக்க நல்ல வழி, டேங்கையே ஓரம்கட்டிவிடுவது. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து எஞ்சினைவிட உயரத்தில் கட்டி, புது ஹோஸ் ஒன்றால் நேராக ஃபீட் பம்ப்பின் வாயில் மாட்டி, காற்றை வெளியேற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். சுத்தமாக ஓடினால், ஸ்லோ ஸ்பீடும் நிலையாக நின்றால், கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில். அப்போதும் அதே தள்ளாட்டம் என்றால் ஃபில்டர் பக்கமோ அதற்கு மேலேயோ.

காற்று வெளியேற்றுவது எப்படி என்று தெரியாதவர்களுக்கு: ஃபில்டர் தலையில் இருக்கும் பிளீடிங் திருகை ரெண்டு சுற்றுத் தளர்த்தி, ஃபீட் பம்ப்பின் மேல் இருக்கும் ஹேண்ட் பிரைமரை அடித்துக்கொண்டே இருங்கள், நுரை நுரையாக வரும், குமிழி நின்று டீசல் மட்டும் கம்பியாக வந்ததும் பிரைமரை அடித்துக்கொண்டிருக்கும்போதே திருகை இறுக்குங்கள். பிறகு பம்ப் உடம்பில் இருக்கும் திருகிலும் அதேபோல். அதற்கும் பிடிக்காவிட்டால் நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். எஞ்சின் சுற்றும்போது அந்த நட்டுக்கு நேராகக் கையையோ முகத்தையோ காட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆஸ்பத்திரிக்கு உடனே போகாவிட்டால் விரல் போகும்.

பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் காட்டி ஸ்டார்ட் பண்ணுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. வேண்டாம். பிஸ்டன் வளையமும் உடையும், துணி உள்ளே இழுத்துக்கொண்டும் போகும்.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். கண்மாய் நிரம்பி ரோட்டில் ஓடும்போது தண்ணீருக்குள் இறங்கி எஞ்சின் அடங்கிவிட்டால் திரும்பச் செல்ஃப் அடிக்காதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் தண்ணீரை எந்தப் பிஸ்டனாலும் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இழுத்து மேட்டுக்குக் கொண்டுவந்து, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். எண்ணெய்ச் சட்டி உள்ள பழைய ஃபில்டராக இருந்தால் எண்ணெய் வெளுத்து அளவு கூடியிருக்கும். அப்படி இருந்தால் நாசில்களைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றாமல் எஞ்சினைச் சுற்றவே கூடாது.

ஸ்லோ ஸ்பீடில் ஆடினால்

ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஆனால் ஆடுகிறது. முதலில் எஞ்சின் ஆடுகிறதா, எஞ்சினின் ஆட்டத்தை மவுண்டிங் தாங்காமல் வண்டி ஆடுகிறதா என்று பிரியுங்கள். சைலன்சர் முனையில் காதை வையுங்கள். சத்தம் சீராக, ஒரே தாளத்தில் வந்தால் எஞ்சின் நன்றாகத்தான் எரிகிறது, ரப்பர் மவுண்டிங் செத்துப்போயிருக்கிறது, அல்லது ஸ்லோ ஸ்பீடை யாரோ ரொம்பக் குறைத்து வைத்திருக்கிறார்கள். நடுநடுவே ஒரு அடி விட்டுப்போனால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை.

எது என்று பார்க்க எஞ்சின் ஓடும்போதே நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும், பழந்துணியை மேலே போர்த்திக்கொண்டு, கை தள்ளி, கண்ணாடி போட்டு. தளர்த்தியதும் எஞ்சின் சத்தம் இறங்கினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. தளர்த்தியும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் சோம்பேறி அவன்தான். அந்த நாசிலைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரில் மாற்றிப் போடுங்கள், அடியில் இருக்கும் காப்பர் வாஷர் புதுசாக. கோளாறும் சேர்ந்து பக்கத்துக்கு இடம் மாறினால் நாசில். அங்கேயே நின்றால் வால்வைத் தள்ளும் டேப்பெட், வால்வு, கம்ப்ரெஷன், அல்லது பம்ப்பில் அந்தச் சிலிண்டருக்கு டீசல் தள்ளும் எலிமென்ட். நாசிலின் அடியிலிருந்து சூ சூ என்று சத்தமும் சுற்றிலும் தார் மாதிரிக் கறுப்பும் இருந்தால் காப்பர் வாஷர் கம்ப்ரெஷனை விடுகிறது, நாசிலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம்.

எஞ்சின் வேகம் தானாக ஏறி இறங்கி ஏறி இறங்கி ஊஞ்சலாடினால் ஒரு சிலிண்டரைத் தேடாதீர்கள். பெரும்பாலும் காற்றுதான், மேலே சொன்ன கேன் சோதனை செய்யுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்த வேக்குவம் கவர்னர் உள்ள பழைய பம்ப்புகளில் அந்த ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருந்தாலும் இதே ஊஞ்சல் வரும்.

காலையில் வெள்ளைப் புகையோடு ஆடி, சூடேறியதும் சரியாகிவிடுகிறது என்றால், டேப்பெட் இடைவெளியைப் பாருங்கள், அப்புறம் நாசில், அதற்கும் அப்புறம்தான் கம்ப்ரெஷன். ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்து கூடவே வெள்ளைப் புகையும் இருந்தால் அது ஹெட் கேஸ்கட் கதை, வேறு வேலை. டாடா ஏஸ் மாதிரிச் சின்ன டீசலில் ஹீட்டர் பிளக் இருக்கும், அதில் ஒன்று செத்தாலும் காலை ஆட்டம் இப்படித்தான். 407-ன் இந்த எஞ்சினில் அது கிடையாது.

பெட்ரோல் ஜீப், அம்பாசடர் வைத்திருப்பவர்கள் மழைக்காலையில் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே ஈரம் போகத் துடையுங்கள். உள்பக்கம் மயிரிழை மாதிரிக் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் துடைத்துப் பயன் இல்லை, கரன்ட் அந்த வழியாகவே தாவிக்கொண்டிருக்கும், மூடியை மாற்ற வேண்டும். ராத்திரி இருட்டில் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பிளக் வயர்களைப் பாருங்கள், தொடாமல். ஓட்டை உள்ள வயரில் நீலமாகப் பொறி தெறிப்பது தெரியும். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் பிரிந்து அடியில் தங்கிவிடும், அதனால் நாள்கணக்கில் ஷெட்டில் நிற்கிற வண்டியில் பழைய பெட்ரோலோடு போராட வேண்டாம்.

இத்தனையும் பார்த்து, கோளாறு நாசிலில்தான் அல்லது பம்ப்பில்தான் என்று முடிவானால் கழற்றுங்கள். பம்ப்பைக் கழற்றும் முன் டைமிங் குறியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், தேய்ந்திருந்தால் உளியால் லேசாக ஒரு கோடு போடுங்கள். கடையில் கொடுக்கும்போது "ஆல் ரிப்பேர் பண்ணிருங்க" என்று சொல்லாமல், எந்தச் சிலிண்டர், எப்போது, என்ன புகை என்று சொல்லுங்கள். நாசிலை உங்கள் கண்முன்னால் டெஸ்டரில் போட்டு அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பனி மாதிரித் தூவ வேண்டும், நிறுத்தியதும் முனையில் சொட்டு நிற்கக் கூடாது. சொட்டு நின்றால் மாற்றச் சொல்லுங்கள், மாற்றிய பழைய நாசிலைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.